பட்டாணிக்கு ஒரு வீடு

திருச்சுழியில் பள்ளிவாசல் தெருவுக்குள் நுழைந்து ஒலி முகம்மது வீடு எது என்று கேட்டால், முன்பெல்லாம் பலருக்கும் தெரியாது. தையல்காரம்மா ரஹ்மத் நிஷா வீடு என்று கேட்டால்தான் கை காட்டுவார்கள். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததில்லை. வீடு அவர் சம்பாத்தியத்தில் கட்டியதுதான் என்றாலும், அதில் அவர் இருந்த காலத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால் சொற்பம். கல்யாணமான மறு வருஷமே சவூதிக்குப் போனவர். தம்மாமில் தண்ணீர் லாரி ஓட்டினார். எப்போதாவது கிடைக்கும் லீவில் வந்து, சொந்தபந்தங்களுக்குக் கொண்டுவந்த சாமானைப் பிரித்துக் கொடுத்து, நாலு கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டுவார். அதன்பிறகு வீடு என்றால் அவருக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போனில் கேட்கும் நிஷாவின் குரல்தான்.

ஒரே மகள் அஸ்பியாவைப் படிக்கவைத்து, மாப்பிள்ளை பார்த்து, திருச்சிக்கு அனுப்பி வைத்ததெல்லாம் நிஷா. அந்தக் கல்யாணத்துக்கே அவர் விருந்தாளி மாதிரிதான் வந்து போனார். மகள் போனபின் வீடு ஓவென்று கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, "நம்ம வீட்டுக்கு ஒரு ஆளு வந்துருக்கு" என்றாள். மளிகைக் கடையில் பட்டாணி மூட்டைக்குள் கிடந்த பூனைக்குட்டி. உடம்பெல்லாம் சாம்பல் நிறம், நெஞ்சில் மட்டும் வெள்ளை. பட்டாணி என்றே பேரும் வைத்துவிட்டாள்.

"நான் வாரப்ப அத வெளிய விட்டுரு. எனக்குப் பூனைன்னா ஆகாது."

"வாங்க, பாப்போம். அது வெளிய போகுதா நீங்க போறீகளான்னு."

லாரிக்குள் உட்கார்ந்திருந்த ஒலி முகம்மது சத்தமாகச் சிரித்தார்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் நிஷா இறந்துபோனாள். அவர் வழக்கம்போல வெள்ளிக்கிழமை கூப்பிட்டபோது போனை எடுத்தது காளீஸ்வரி. நிஷா தைக்கும் ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துக் கொடுத்துக்கொண்டும் வீட்டு வேலை பார்த்துக்கொண்டும் கூடவே இருந்த பெண். "அண்ணே, அக்கா நம்மள விட்டுப் போயிட்டாகண்ணே" என்று அவள்தான் சொன்னாள். விமானங்கள் நின்றுபோயிருந்தன. ஜமாஅத்துப் பையன்கள் நாலு பேர் உடம்பெல்லாம் மூடிய உடையைப் போட்டுக்கொண்டு அடக்கம் செய்தார்கள். மகள்கூட முகம் பார்க்கவில்லை. அவர் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தபோது கபரின் மேல் புல் முளைத்திருந்தது.

வீட்டில் அவருக்காகக் காத்திருந்தது பட்டாணி ஒன்றுதான். காத்திருந்தது என்றும் சொல்ல முடியாது. அவரைப் பார்த்ததும் தையல் மிஷினுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. அதுவரை காளீஸ்வரிதான் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். இவர் வைத்த பாலை அது தொடவில்லை. அரபியில் "தஆல், தஆல்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பிடிக் கூப்ட்டா வராதுண்ணே. அக்கா மாதிரி கூப்பிடணும்" என்றாள் காளீஸ்வரி. எவர்சில்வர் டம்ளரை விரல் நகத்தால் தட்டி, "பட்டாணி, எங்கம்மால்ல, தின்ன வா" என்று இழுத்துச் சொல்லிக் காட்டினாள். மிஷினுக்கு அடியிலிருந்து மூக்கு வெளியே வந்தது.

முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனுஷன் அப்படிக் கொஞ்சிக் கூப்பிட வெட்கப்பட்டார். காளீஸ்வரி வேலை முடிந்து போனபின் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தார். பூனை வந்துவிடவில்லை. பல நாள் கழித்து ஒரு சாயங்காலம், அவர் அஸர் தொழுதுகொண்டிருக்கும்போது வந்து தொழுகைப் பாயில், சரியாக அவர் நெற்றி வைக்க வேண்டிய இடத்தில் படுத்துக்கொண்டது. அவர் கொஞ்சம் ஒதுங்கி நெற்றியை வைத்தார். அதன் மூச்சு காதில் பட்டது.

அதற்குப்பின் இருவரும் ஒருவருக்கொருவர் பழகிக்கொண்டார்கள். பழகியது பூனையோடு மட்டுமில்லை என்பது அவருக்கே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. மீன் நறுக்கும்போது அது வந்து நிற்கும் இடத்தை வைத்து, நிஷா எந்த மூலையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்தாள் என்று தெரிந்தது. மத்தியான வேளையில் அது மொட்டைமாடிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தது. "அக்கா கட்டன்சாயா எடுத்துக்கிட்டு அங்கதாண்ணே ஒக்காருவாக. பால் ஊத்தாத டீதான் அவுகளுக்குப் பிடிக்கும்" என்றாள் காளீஸ்வரி. பொண்டாட்டிக்குக் கட்டன்சாயா பிடிக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. லீவில் வரும்போதெல்லாம் அவள் இவருக்குப் பாலில் டீ போட்டு, தானும் அதையே குடித்தாள்.

"ஒங்க கொரலு அதுக்கு நல்லாத் தெரியும்ணே. வெள்ளிக்கெழம போனு வந்தா ஓடியாந்து அக்கா மடில ஏறிக்கிரும். 'அந்தா பாரு, அத்தா பேசுறாக'ன்னு அக்கா அதுட்டச் சொல்லுவாக."

காளீஸ்வரி பிறகு புருஷன் ஊரான எம்.ரெட்டியபட்டிக்கே போய்விட்டாள். அங்கே பருத்தி எடுக்கவும் களை வெட்டவும் போனாள். வீட்டில் அவரும் பூனையும்தான். அவர் சமைத்தார், பூனை பார்த்துக்கொண்டிருந்தது. இப்படியே காலம் போயிருந்தால் அவர் வேறு எதுவும் கேட்டிருக்க மாட்டார்.

போன வருஷம் பஜாரில் காய்கறி வாங்கிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். இனித் தனியாக இருக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அஸ்பியா பிடித்துக்கொண்டாள்.

"அத்தா, திருச்சிக்கு வந்துருங்க. ஒங்கம்மாவத்தான் கடைசியா ஒரு வாய்த் தண்ணி குடுத்துப் பாக்கல. ஒங்களையுமா?" என்று அழுதாள். அழுகையில் 'எங்கம்மா' என்பது 'ஒங்கம்மா' என்று வந்துவிட்டதை அவளும் கவனிக்கவில்லை, அவரும் திருத்தவில்லை.

"பட்டாணிய என்ன செய்றது?"

அதைத் திருச்சிக்குக் கொண்டுபோக முடியாது என்பது இருவருக்கும் தெரியும். முந்தின பெருநாளுக்கு தாத்தாவை நன்னா என்று கூப்பிடும் அவள் மகன் முகம்மது அனீஸ் திருச்சுழி வீட்டுக்கு வந்தபோது, பட்டாணியைத் தூக்கிக் கொஞ்சினான். சாயங்காலத்துக்குள் வீசிங் வந்து, உதடு நீலம் பாரித்து, அருப்புக்கோட்டைக்குக் காரில் பறக்க வேண்டியதாயிற்று. பூனை முடி பிள்ளைக்கு ஆகவே ஆகாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். பேரனா பூனையா என்று கேட்க அதில் இடமே இல்லை.

முதலில் அருப்புக்கோட்டையில் தானிய மண்டி வைத்திருக்கும் சிநேகிதர் சகாபுதீனிடம் கேட்டார். "எலித் தொல்லை தாங்கல மச்சான், கொண்டாங்க" என்று அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். இரண்டே நாளில் போன் வந்தது.

"மச்சான், இது எலி பிடிக்கிற பூனை இல்ல. மடியில வளந்த பூனை. உச்சாணி மூட்டையில ஏறி ஒக்காந்துருக்கு. பச்சத் தண்ணிகூடக் குடிக்கல. என் கடையில செத்துப்போச்சுன்னா அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

ஒலி முகம்மது போனபோது மண்டியில் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. கூரையை ஒட்டிய மூட்டைகளுக்கு மேலே இருட்டில் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. டீ டம்ளரை வாங்கி நகத்தால் தட்டினார். லாரி இரைச்சலில் அது கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவில், "பட்டாணி, எங்கம்மால்ல, தின்ன வா" என்றார். மூட்டை தூக்கியவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் அதே மாதிரி இழுத்துச் சொல்லியும் காட்டினார். பூனை மூட்டை மூட்டையாக இறங்கி வந்து அவர் கால்களுக்கு இடையில் புகுந்துகொண்டது. அவர் குனிந்து தூக்கியபோது அதன் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள்.

அடுத்ததாக, பூனை இருக்கிறது என்று யாரோ வாட்ஸாப்பில் போட்டதைப் பார்த்துப் பந்தல்குடியிலிருந்து புருஷனும் பொண்டாட்டியுமாகக் காரில் வந்தார்கள். அவர் முகம் கழுவி, சட்டை மாற்றி, பொண்ணுபார்க்க வருகிறவர்களை உட்காரவைப்பதுபோல உட்காரவைத்தார். "நாட்டுப் பூனையா? புசுபுசுன்னு இருக்கும்னு நெனச்சோம்" என்றது அந்தப் பெண். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் போனபின் பட்டாணியின் தலையைத் தடவி, "போனாப் போறாக" என்றார். உள்ளுக்குள் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

விஷயம் எப்படியோ காதுக்குப் போய், காளீஸ்வரியே ஒரு நாள் வந்து நின்றாள். முகம் சரியில்லை.

"ஊரெல்லாம் கேட்டிகளாம். என்னைய ஏண்ணே கேக்கல?"

"ஒனக்கே ஆயிரம் பாடு. நீ எங்களுக்குச் செஞ்சது போதாதாம்மா?"

"அக்கா வளத்தது வேத்து ஆளுக வீட்டுலயா கெடக்கும்? நான் வச்சுக்கிறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிஷாவின் பழைய வயர்க்கூடையில் அவளுடைய பருத்திச் சேலை ஒன்றை மடித்துப் போட்டு, பட்டாணியை உள்ளே வைத்து, கூடையின் வாயை வலைத்துணியால் கட்டி, ஷேர் ஆட்டோவில் ஏறினார். வழி நெடுக அது கத்திக்கொண்டே வந்தது. கூட உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். இரண்டு பக்கமும் கருவேலங்காடும் கரிசலும் ஓடின. அவர் வலைக்குள் ஒரு விரலை விட்டு வைத்திருந்தார். அது கடிக்கவில்லை, நக்கவும் இல்லை. மூக்கால் முட்டி முட்டித் தள்ளியது.

காளீஸ்வரியின் புருஷன் இருளப்பசாமி அதிகம் பேசாத ஆள். பூனையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். ஆட்டுப் பாலுக்கு எதிரி என்றார். ஆனாலும் கூடையை அவரே வாங்கி உள்ளே வைத்தார். புதிதாக வந்த பூனை வீட்டை விட்டுப் போகாமலிருக்க, காளீஸ்வரி அதைத் தூக்கி அடுப்பை மூன்று முறை சுற்றிக் காட்டினாள். பிறகு டம்ளரைத் தட்டி, அக்கா கூப்பிடுவது போலவே கூப்பிட்டுச் சோறு வைத்தாள். பட்டாணி அவளிடம் போய்த் தின்றது.

அது தின்றுகொண்டிருக்கும்போதே ஒலி முகம்மது எழுந்து வெளியே வந்துவிட்டார். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. தம்மாமுக்குக் கிளம்பும் நாட்களில், அஸ்பியா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அவள் சாப்பிடும் நேரமாகப் பார்த்து நிஷா அவரைப் பின்வாசல் வழியாகத்தான் அனுப்பி வைப்பாள்.

திருச்சியில் மகள் வீடு மூன்றாவது மாடி. நல்ல பிள்ளைகள். மாப்பிள்ளை மரியாதையாக இருந்தார். அனீஸ் நன்னாவின் மேலேறி விளையாடினான். குறை சொல்ல எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்ததும் அவர் காளீஸ்வரிக்குப் போன் போடுவார்.

"பட்டாணி எப்பிடி இருக்கு?"

"நல்லாருக்குண்ணே."

"தின்னுச்சா?"

"தின்னுச்சுண்ணே. வெளிய போயிருக்கு."

ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். போனில் கேமரா சரியில்லை என்றாள். அதன் சத்தத்தையாவது கேட்கவைக்கச் சொன்னார். தூங்குகிறது, எழுப்ப வேண்டாம் என்றாள். பூனை நன்றாக இருந்தால் சரி என்று விட்டுவிட்டார். மே மாதம் நிஷாவின் கபரில் துஆ ஓதத் திருச்சுழிக்கு வந்தவர், மகளிடம்கூடச் சொல்லாமல், கருவாடு வாங்கி ஒரு பையில் போட்டுக்கொண்டு ரெட்டியபட்டிக்குப் போனார்.

காளீஸ்வரி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை. அவர் சிரித்துக்கொண்டே உள்ளே பார்த்து, "பட்டாணி, எங்கம்மால்ல" என்று கூப்பிட்டார்.

"கூப்புடாதீகண்ணே" என்றாள்.

அவர் பையைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"நீங்க விட்டுட்டுப் போன மறு வாரமேண்ணே. வெள்ளன எந்திரிச்சு வெளிய போயிருக்கு. பருத்திக் காட்டுப் பக்கம் நாயிக நாலஞ்சு. அதுக்கு நாயப் பாத்து ஓடக்கூடத் தெரியலண்ணே, வீட்டுக்குள்ளயே வளந்ததுல்ல. எங்க வீட்டுக்காரரு சத்தம் கேட்டுக் கம்ப எடுத்துக்கிட்டு ஓடுனாக. போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

ஒலி முகம்மது படியில் உட்கார்ந்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. அவர் குரல் உயர்ந்து காளீஸ்வரி கேட்டதே இல்லை.

"வாரா வாரம் கேட்டேன்ல? தின்னுச்சான்னு கேட்டேன்ல? தின்னுச்சுன்னு எப்பிடிச் சொன்ன? என்னைய என்ன பைத்தியக்காரன்னு நெனச்சியா?"

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இருளப்பசாமி உள்ளேயிருந்து வந்து, "அவள வையாதீக பாய்" என்றார். "அவ சொல்லணும்னுதான் போன எடுப்பா. ஒங்க கொரலக் கேட்டதும் வேற சொல்லிருவா."

"அன்னைக்கு அக்கா போனத நாந்தாண்ணே சொன்னேன்" என்றாள் காளீஸ்வரி. "நீங்க அங்கிட்டு ஒரு சத்தம் போட்டீக. மனுசன் சத்தம் மாதிரியே இல்ல. அது இன்னும் என் காதுல இருக்கு. மறுபடி ஒருக்கா என் வாயால ஒங்களுக்குச் சாவு சொல்ல என்னால ஆகலண்ணே. அவ்வளவுதான்."

அவர் கோபம் போன இடம் தெரியவில்லை. அப்படி ஒரு சத்தம் போட்டது அவருக்கே நினைவில்லை. லாரியை ரோட்டோரம் நிறுத்தியதுவரைதான் நினைவிருந்தது.

இருளப்பசாமி அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். வேலியோரம் கொஞ்சம் மேடாக இருந்தது. மேலே இலந்தை முள் வெட்டிப் போட்டு, அது நகராமல் கல் வைத்திருந்தார். "நாயி தோண்டிரக் கூடாதுன்னு" என்றார். "சேல ஒண்ணு கூடையோட வந்துச்சுல்ல, அதுலயே சுத்தித்தான் வச்சேன். தப்புன்னா மன்னிச்சுக்கங்க. ஒங்க வழக்கம் தெரியல." ஒலி முகம்மது அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பூனைக்கு என்ன ஓதுவது என்று அவருக்கும் தெரியவில்லை. வெயிலில் நின்றுகொண்டே இருந்தார்.

திரும்பி வந்து கருவாட்டுப் பையைக் காளீஸ்வரியிடம் நீட்டினார். "கொழம்பு வையி. சாப்ட்டுப் போறேன்" என்றார்.

அவள் அடுப்பு மூட்டும்போது, இத்தனை வருஷமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டார். ஏன் கேட்கவில்லை என்றால், கேட்டால் தாங்கமாட்டோம் என்ற பயம்தான்.

"நிஷாவ ஆம்புலன்ஸுல ஏத்துறப்ப நீதான கூட இருந்த? என்னம்மா சொன்னா?"

காளீஸ்வரி ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"மூச்சு வாங்கிக்கிட்டே பேசுனாகண்ணே. அடுப்பு அணைச்சிட்டியான்னு கேட்டாக. பட்டாணிக்குச் சோறு வையின்னாக. அப்புறம் ஒங்களத்தான் சொன்னாக. 'அவுக லாரி ஓட்டுறவுக. இதக் கேட்டா வண்டிய எங்குட்டாச்சும் விட்டுருவாக. போனு வந்தா நல்லாருக்கேன்னு சொல்லு. நான் வந்து பேசிக்கிறேன்'னாக."

"அப்ப, நீ சாவு சொன்னதுக்கு முந்துன வாரம் நான் கூப்ட்டப்ப..."

"நாந்தாண்ணே எடுத்தேன். தூங்குறாகன்னு சொன்னேன். அப்ப அவுக ஆஸ்பத்திரில இருந்தாக. அக்காதான் அப்பிடிச் சொல்லச் சொன்னாக."

அவருக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அவர், தூங்கட்டும், எழுப்பாதே என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருந்தார். வைத்துவிட்டு, கூட வேலை பார்த்த மலையாளியோடு பிரியாணி சாப்பிடப் போனார். அன்றைக்குப் பிரியாணி நன்றாக இருந்ததுகூட நினைவிருந்தது.

தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அடுப்படியில் உட்கார்ந்து காளீஸ்வரியும் அழுதாள். இருளப்பசாமி ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு வெளியே போனார். வெகுநேரம் கழித்துத்தான் உலை வைத்தாள். அவர் இரண்டு தடவை குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார்.

திருச்சிக்கு வந்து அஸ்பியாவிடம் எல்லாவற்றையும் சொன்னார், லாரி ஓட்டுறவுக என்று நிஷா சொன்னதையும் சேர்த்து. அஸ்பியா அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்களாலதான அத்தா அதக் குடுத்தீக?" என்றாள். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அது பொய்யாக இருக்கும் என்பதால், "பிள்ள மூச்சு பெருசும்மா" என்று மட்டும் சொன்னார். அனீஸிடம் அவளே சொன்னாள். அவன் ஒரு நாள் முழுக்க நன்னாவின் பக்கம் வரவில்லை. மறுநாள் வந்து மடியில் உட்கார்ந்துகொண்டான்.

ஒலி முகம்மது இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் ரெட்டியபட்டிக்குப் போன் போடுகிறார். விசாரிக்கப் பூனை இல்லை. காளீஸ்வரி மழை பெய்ததா இல்லையா என்று சொல்வாள், ஆடு குட்டி போட்டதைச் சொல்வாள். போன வாரம் பருத்தி வெடித்துக் கிடக்கிறது, எடுக்க ஆள் கிடைக்கவில்லை, புருஷனுக்கு இடுப்பு வலி வேறு என்று புலம்பினாள். எந்தத் தைலம் தேய்க்கிறாய் என்று கேட்டார். அது கேட்காது என்று வேறு ஒன்றின் பேரைச் சொல்லி, அருப்புக்கோட்டையில் கிடைக்கும், வாங்கித் தேய்த்துவிடு என்றார்.